வேலை கெடச்சது ஒரு குத்தமா?

...இல்ல நைனா, நீயே சொல்லு. ஒரு மனுசன் வேல செய்றது குத்தமா? உன் டோக்கன் நாப்பத்தொண்ணுதான? செருப்ப எடுத்துத் தர்றேன், இரு. ஆங்... அவசரம்னு எல்லாருந்தான் சொல்றாங்க. மலை ஏறி சாமியவே பாத்துட்டு வந்துட்ட, இன்னும் இன்னா அவசரம்?

எங்க வுட்டேன்? ஆங், ஆராய்ச்சி பண்ற கல்பனா மேடம். உதவித்தொகை வாங்கறவங்கள எப்டி வேலைக்கு அனுப்பலாம்னு அந்தம்மா சோதன பண்றாங்களாம். எனக்கு சக்கர வியாதில இடது காலு போயி பதினோரு வருசம் ஆச்சு. பொதட்டூர்பேட்டயில தறி நெய்ஞ்சவன் நான். ஒத்தக் காலால மிதிச்சா தறி ஓடுமா? அதான் மாசா மாசம் உதவித்தொகை. என்ன மாதிரி நாப்பது பேர கூப்ட்டு, சீட்டு குலுக்கி ரெண்டு கும்பலா பிரிச்சாங்க. ஒரு கும்பலுக்கு வேல தேடக் கத்துக்குடுக்கற கிளாசு, தொணைக்கு ஆளு, எல்லாம் உண்டு. இன்னொண்ணு சும்மா கும்பல். எப்பவும் போல ஊட்ல கெடக்கணும். ஆறு மாசம் கழிச்சி, எந்தக் கும்பல்ல எத்தினி பேருக்கு வேல கெடச்சுதுன்னு பாப்பாங்களாம்.

கிளாசுக்குப் போனவங்க கதய கேளு. நம்ம இஸ்ரேலு, கே.ஜி.கண்டிகைக்காரன், பொறவியிலயே கண்ணு தெரியாது. அவன கண்ணாடி முன்னாடி நிக்கவச்சி, "சிரிச்சிப் பழகுங்க"ன்றாங்களாம்! அவனும் நாலு மாசமா சிரிச்சிகினே கீறான். வேலதான் வர்ல.

நான் சும்மா கும்பல். ஊட்ல குந்திகினு இருந்தா சம்சாரம் வுடுவாளா? "போய் மலையடிவாரத்துலயாவது குந்து"ன்னா. வந்து குந்தினேன். இந்தச் செருப்பு பாத்துக்கற எடத்த கான்ட்ராக்ட் எடுத்துகினு கீறாரே தணிகைமணி, அவரு பாத்தாரு... "குந்தறதுதான் வேல, நீயே குந்திக்கோ"ன்னுட்டாரு. பதினோரு வருசத்துக்கப்புறம் நைனா! இப்ப காலைல நான் கெளம்பறப்ப சம்சாரமே சோறு கட்டித் தர்றா.

சந்தோசத்துல மேடத்துக்கு போன் போட்டுச் சொன்னேன். அழுவாத கொற. "ஐயோ, உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது? நாங்க உதவி பண்ணவங்களுக்கே கெடைக்கல, பண்ணாத உங்களுக்குக் கெடச்சா எங்க சோதன என்னங்க ஆவுறது? ரெண்டே மாசம் வேலைலேர்ந்து நின்னுக்கங்க"ன்றாங்க. ரெண்டு மாசம் எந்த ஊர்ல நைனா வேல காத்துகினு கெடக்கும்? மறுநாளே தணிகைமணி வேற ஆள குந்த வெச்சிருவாரு. "சரி மேடம், நின்னுட்டேன்"னு சொல்லிட்டேன். நிக்கல.

இதுல என் தப்பும் கொஞ்சம் கீது. யார்கிட்டயும் சொல்லிறாத. குலுக்கல்ல எனக்கு வந்தது கிளாசு சீட்டுதான். கிளாசு மூணாவது மாடி நைனா! லிப்ட்டு கெடையாது. இஸ்ரேலுக்குத்தான் ரெண்டு காலும் நல்லா கீதேன்னு... அவன் சீட்ட நான் எடுத்துகினு, என்னுத அவன் பையில சொருவிட்டேன். அவனுக்கு எங்க தெரியப்போவுது?

ஐயையோ! அதோ, படியில எறங்கறது... மேடமேதான்! நைனா, வா, இப்டி வா, என் நாற்காலில குந்து. நீதான் இங்க வேல செய்றவன், நான் செருப்பு வுட வந்தவன். ஒரே நிமிசம்... அட, எங்க ஓடற? யோவ்! செருப்பு! உன் செருப்பு நைனா!...

வணக்கம் மேடம். வேலயா? நானா? சேச்சே, காத்து வாங்கிகினு குந்திகினு கீறேன்... எதுங்க? இந்தச் செருப்பா? என்னுதுதான் மேடம். ஆங்... அந்த வரிசையுந்தான். எல்லாமே என்னுதுதான்... ஆமாங்க, ரெண்டு காலுதும்.