போல்ட்டு அவரிடம், நட்டு இவரிடம்

எழுபதுகளில் ஒரு மாலை. சென்னையில் கம்பெனிக்காரர்களின் தேநீர்க் கூட்டத்துக்குப் போய்விட்டு, திருவள்ளூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த கூட்டாளிகள் இருவர் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

“பெரிய கம்பெனி ஆபீசரு கையில நம்ம போல்ட்டைக் குடுத்துட்டு, நட்டை நான் வச்சிக்கினேன்.”

“இன்னாத்துக்கு?”

“சின்ன பட்டறைக்காரன்கிட்ட யாரு நின்னு பேசறாங்க? நட்டு எங்கன்னு கேட்டாத்தான் பேச்சு நீளும்.”

“கேட்டாரா?”

“கேட்டாரு. அவருக்கும் என்னாட்டமே பழவேற்காடாம். சின்ன வயசுல எறா புடிச்சது, படகு கவுந்தது, அதையே பேசிக்கினு இருந்தோம்.”

“ஆர்டரு?”

ஆவடி தாண்டும்வரை சட்டைப் பையிலிருந்த நட்டை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“கேக்க மறந்துட்டேன்பா.”

“போல்ட்டு?”

“அவரு கையோட போயிடுச்சி.”

மற்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“நட்டைப் பத்திரமா வை. தேடிக்கினு வருவாரு.”