பதினேழாவது கட்டத்தில் ஒன்று

எனக்குச் சாலைகள் மேல் தனிப்பட்ட ஆசை எதுவும் கிடையாது, ஐயா. வீட்டிலிருந்து அலுவலகம் நானூறு அடி. நடந்தே போய்விடுவேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரோட்டுக்காக என்ன வேணா செய்வான் இந்த ஆள் என்று நேற்று உங்கள் உதவியாளர் வராந்தாவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வேகமாகப் போனால் நிறுத்துங்கள்.

எங்கள் நகராட்சியில் நான் செயலர். நகரம் என்பது பெயர்ப்பலகையில்தான். பாதி வயல், மீதி தூசி. ஊர்க் கோடியில் ஒரு பலகை ஆலை இருக்கிறது. மரத்தை அரைத்து, பசை போட்டு, அழுத்தி, பலகை என்று விற்கிறார்கள். இருநூற்று நாற்பது பேருக்கு அதில்தான் சோறு. ஆலையிலிருந்து நெடுஞ்சாலைக்குப் பதினோரு கிலோமீட்டர். அந்தச் சாலையைப் போட்டவர்கள் மாட்டுவண்டியை மனதில் வைத்துப் போட்டார்கள். இப்போது அதில் நாளொன்றுக்கு எழுபது லாரி.

ஆலை முதலாளி வருடத்துக்கு ஒருமுறை என் அறைக்கு வந்து உட்காருவார். நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

"செயலர் சார், அடுத்த வருஷம் புது ரோடு இல்லன்னா ஆலையைக் கழட்டி லாரியில ஏத்திட்டுப் போயிட்டே இருப்பேன்."

எந்தச் சாலை வழியாக ஏற்றிக்கொண்டு போவார் என்று நான் கேட்கவில்லை. பெரிய மனிதர்களிடம் தர்க்கம் பேசினால் அவர்களுக்கு உடம்புக்கு ஆகாது.

அரசாங்கத்திடம் இதற்கென்றே ஒரு திட்டம் உண்டு. தொழிலுக்கு உதவும் கிராமச் சாலை என்றால் செலவில் பாதி அரசு தரும், கால் பங்கு நகராட்சி, கால் பங்கு ஆலை. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் சும்மா தரமாட்டார்கள். மதிப்பெண் போடுவார்கள். எத்தனை லாரி, எத்தனை வேலை, சாலை எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது, மூன்று வருடத்தில் விபத்தில் எத்தனை பேர் செத்தார்கள். நூற்றுக்கு அறுபது வாங்கினால் தேர்ச்சி. இந்தத் திட்டத்தை எழுதியவர் வாழ்நாளில் ஒரு குழியில் கால் இடறி விழுந்திருக்கமாட்டார். அவர் அறையில் தரை விரிப்பு நல்ல கனமாக இருந்திருக்கும்.

முதல் வருடம் விண்ணப்பித்தபோது ஒரு பொறியாளர் கருவி பூட்டிய காரில் வந்தார். பதினோரு கிலோமீட்டரும் போய்த் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவ்ளோ லாரி போற ரோட்டை இப்படி வெச்சிருக்கீங்களே, பாராட்டணும் சார்."

பாராட்டுக் கடிதமும் வந்தது. பணம் வரவில்லை. சாலை கெடவில்லையாம். பக்கத்து நகராட்சி பத்து வருடமாகத் தன் சாலைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் எருமை குளிக்கும். அவர்களுக்கு முழு மதிப்பெண். இப்போது அங்கே கண்ணாடி மாதிரி சாலை போகிறது. அதன் முடிவில் ஒரு செங்கல் சூளை, அதுவும் அணைந்து கிடக்கிறது.

எங்கள் சாலை கெடாமல் போனதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள். நகராட்சிச் சாலைப் பணியாளர். ஊரில் அவரை ஒட்டுக்காரர் என்பார்கள். என் தங்கையின் கணவர்.

ஒட்டுக்காரருக்குக் குழி என்றால் தாங்காது. விடிந்ததும் சைக்கிளில் மண்வெட்டி, ஒரு டின் தார், ஒரு கூடை ஜல்லி. குழி தெரிந்த இடத்தில் இறங்கி, வளைவாக இருந்தால் இருபுறமும் நாற்பது அடி தள்ளிச் சிவப்புக் கொடி நட்டு, குழியைச் சதுரமாக வெட்டி, கூட்டி, தார் ஊற்றி, ஜல்லி போட்டு, தன் பூட்ஸ் காலாலேயே மிதித்து அடைப்பார். பிறகு மேலே ஒருமுறை நடந்து பார்ப்பார். அந்த நடையைப் பார்க்கவேண்டும், ஏதோ தானே ஒரு தேசத்தைக் கட்டி முடித்த மாதிரி.

நான் அவரை அழைத்துப் பேசினேன். தங்கை வீட்டுச் சமையலறையில், அவர் கையில் தார் ஒட்டியிருக்க, தங்கை மண்ணெண்ணெய்த் துணியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, ஒரே ஒரு வருஷம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க. ரோடு கெட்டாத்தான் ரோடு வரும்."

"அதெப்படி மச்சான், குழியைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போறது? புள்ளைங்க சைக்கிள்ல வருதுங்க."

"உங்களுக்குச் சம்பளம் யாரு தர்றா?"

"நீங்கதான். அதனாலதான வேலை பாக்குறேன்."

தங்கை வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பேரம் பேசிப் பழகிய குடும்பம் எங்களுடையது. எதிராளி மடியவில்லை என்றால் சிரித்துவிட்டு எழுந்துவிட வேண்டும், வேறு கதவைப் பார்க்க வேண்டும்.

அவரைப் பூங்காவுக்கு மாற்றினேன். எங்கள் பூங்காவில் இரண்டு பெஞ்சும் ஒரு உடைந்த சறுக்குமரமும் உண்டு. எட்டு மணிக்குத்தான் பணி. அவர் ஆறு மணிக்கே சாலைக்குப் போய், லாரியிலிருந்து சிந்திய ஜல்லியைப் பொறுக்கி அடைத்துவிட்டு, எட்டுக்கு வந்து பூங்காவில் கையெழுத்துப் போட்டார். தார் கொடுக்காதே என்று கிடங்கில் சொன்னேன். சிமெண்டு வாங்கிக்கொண்டார், சொந்தக் காசில். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு ஒரு நிர்வாகம் என்ன செய்யும், சொல்லுங்கள்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கான கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. படிவத்தை நானே நிரப்பினேன். கூட்டிப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு. பதினேழாவது கட்டம் விபத்து உயிரிழப்பு. ஒரு உயிருக்குப் பத்து மதிப்பெண். நான் அதில் ஒன்று என்று எழுதினேன். அறுபத்திரண்டு. தேவைக்கு மேல் இரண்டு.

நகராட்சித் தலைவரிடம் கையெழுத்துக்குப் போனேன். எங்கள் தலைவர் எதையும் படிக்கமாட்டார், ஆனால் அன்று பார்த்துக் கண்ணில் பட்டுவிட்டது.

"யாருய்யா செத்தது நம்ம ரோட்டுல?"

"இணைப்பு பின்னாடி வரும் தலைவரே."

"வரும்னா சரி" என்று போட்டார்.

அது பொய் இல்லை. படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது: இறப்புச் சான்றும் காவல் நிலைய அறிக்கையும் பதினைந்து நாளுக்குள் இணைக்கலாம். எங்கள் அப்பாவுக்குத் துணிக்கடை. கடையில் இல்லாத சேலையை யாராவது கேட்டால், இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இருக்கும்மா, உக்காருங்க" என்பார். அந்த அம்மாளுக்குக் குடிக்க ஏதாவது வரும். அப்பா பின்வாசல் வழியாக மொத்தக் கடைக்கு ஓடி, அதே நிறத்தில் கொண்டுவந்து, மடிப்புக் கலையாமல் விரிப்பார். இருக்கு என்று சொன்னதில் தப்பில்லை; சொல்லிவிட்டுக் கொண்டுவராமல் விட்டால்தான் வியாபாரிக்கு அசிங்கம்.

பதினைந்து நாள் பொறுமையாக இருந்தேன் என்று சொல்லமுடியாது, பத்து நாள் இருந்தேன். வளைவுகளில் புதர் வெட்டுவதை நிறுத்தினேன். வேகம் குறைக்கச் சொல்லும் பலகைகளை வண்ணம் பூச என்று கழற்றி வரச் செய்தேன். எழுபது லாரி, முந்நூறு சைக்கிள், பால்காரர்கள், குடிகாரர்கள். பத்து நாளில் ஒருவருக்கு ஒரு சிராய்ப்பு இல்லை. நாட்டில் எந்தச் சாலையில் பார்த்தாலும் மனிதர்கள் ஈசல் மாதிரி சாகிறார்கள். எங்கள் சாலையில் மட்டும் யாருக்கும் சாகத் தோன்றவில்லை. எல்லாக் குழியும் அடைத்து வைத்திருந்தால் எங்கிருந்து தோன்றும்?

அப்போதுதான் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். நான் கொடூரமானவன் இல்லை ஐயா. பள்ளிப் பிள்ளைகள் வரும் நேரத்தை முதலிலேயே நீக்கிவிட்டேன். ஆலைத் தொழிலாளி என்றால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். நகராட்சி ஊழியர் என்றால் ஓய்வூதியம் உண்டு, வாரிசுக்கு வேலை உண்டு, அதை வாங்கித் தர நான் இருக்கிறேன். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் யார் மிஞ்சுகிறார் என்று உங்களுக்கே தெரியும். நான் ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை, மற்றவர்களை விட்டுவைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம், ஆலையில் சாப்பாட்டு இடைவேளை, சாலையில் ஈ காக்கை இல்லை. ஆறாவது கிலோமீட்டர் வளைவுக்கு ஒரு கடப்பாரையோடு போனேன். பாதி தூரம் பேருந்து, மீதி நடை. அவர் போட்ட ஒட்டு என்ன உறுதி தெரியுமா? அரை மணி நேரம் ஆயிற்று. கையில் கொப்புளம். அரசாங்கப் பொறியாளர்கள் போட்ட சாலையில் இந்த உறுதி இருந்திருந்தால் யாருக்கும் எந்தத் திட்டமும் தேவைப்பட்டிருக்காது.

சாயங்காலம் கிடங்கிலிருந்து சிவப்புக் கொடிகளைச் சலவைக்கு எடுத்துவரச் சொன்னேன். அழுக்காகத்தான் இருந்தன. ஆலை முதலாளிக்கும் போன் செய்தேன். மறுநாள் பத்து மணிக்கு ஆய்வுக்கு ஆள் வரலாம், சரக்கு லாரிகளை ஏழுக்குப் பதில் ஆறரைக்கே அனுப்பிவிடுங்கள் என்றேன். "முத தடவையா உருப்படியா ஒரு யோசனை சொல்றீங்க" என்றார்.

காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தங்கை வீட்டுக்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார்.

"மாப்ளே, ஆறாவது கிலோமீட்டர் வளைவுல உங்க ஒட்டு பேந்துடுச்சாம். பெரிய குழி. புள்ளைங்க வர்றதுக்குள்ள..."

"பேந்துடுச்சா? நான் போட்டதா?" அவர் குரலில் அவமானம்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. "இதோ கிளம்பிட்டேன். கொடி மட்டும் கிடங்குல எடுத்துக்கறேன்."

"கொடி சலவைக்குப் போயிருக்கு. சின்ன வேலைதான, ஏழு மணி வரைக்கும் லாரி ஏது?"

"அதுவும் சரிதான் மச்சான்" என்றார். பிறகு, "சொன்னதுக்கு நன்றி. நீங்களே ரோட்டைப் பத்திப் போன் பண்ணுவீங்கன்னு நான் நெனைக்கல" என்றார். சந்தோஷமாக இருந்தார். அதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். கடைசிக் காலையில் அந்த மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

ஆறு நாற்பதுக்கு நடந்தது. புதர் மறைத்த வளைவு, குனிந்திருந்த ஆள், முதல் லாரி. ஓட்டுநர் சின்ன வயதுக்காரர். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாராம். கவனக்குறைவு என்று உங்கள் ஆட்கள் அவரைத்தான் பிடித்து வைத்தார்கள். அவருக்கும் ஒரு வழி செய்வதாகத்தான் இருந்தேன்.

இறப்புப் பதிவாளரும் நான்தான், சிறிய ஊர்களில் அப்படித்தான். சான்றை நானே எழுதினேன். காவல் நிலைய அறிக்கையோடு பதினான்காம் நாள் தபாலில் சேர்த்தேன். ஒரு நாள் மிச்சம் வைத்து.

காரியம் முடிந்த வாரம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கொடி இல்லாம அவரு வளைவுல வேலை செய்யவே மாட்டாரே. யாரு சொல்லி போனாரு?"

"அவசரம்மா. புள்ளைங்க வர்ற ரோடுன்னு ஓடியிருப்பாரு."

"உங்ககிட்டதான போன்ல பேசிட்டு இருந்தாரு."

"ஆமாம்மா. நான்தான் குழி இருக்குன்னு சொன்னேன். அந்த வேதனை எனக்கு இல்லையா?"

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். உண்மையைச் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்பார்கள், கிடைத்தது. மறு மாதமே பூங்கா வேலை அவளுக்கு ஆயிற்று.

விண்ணப்பம் தேறியது. அறுபத்திரண்டு. இரண்டு மாதமாக இயந்திரங்கள் ஓடுகின்றன, ஜல்லி கொட்டுகிறார்கள், ஆறாவது கிலோமீட்டர் வளைவை நிமிர்த்திவிட்டார்கள். ஆலை எங்கும் போகவில்லை. இருநூற்று நாற்பது குடும்பம். ஒருவர்கூட என்னைத் தேடி வந்து நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கொடுத்த இடத்தில் அரசாங்கத்துக்குப் பெயர், போட்ட இடத்தில் ஒப்பந்தக்காரருக்குப் பெயர்.

நீங்கள் மேசையில் விரித்து வைத்திருக்கும் இரண்டு தாள்களையும் நான் பார்த்துவிட்டேன், ஐயா. விண்ணப்பத்தில் வியாழக்கிழமை முத்திரை. இறப்புச் சான்றில் அதற்குப் பதின்மூன்றாம் நாள். செத்தவரைச் சாவதற்கு முன்பே எப்படி எண்ணினாய் என்று ஒரு மணி நேரமாக வெவ்வேறு விதமாகக் கேட்கிறீர்கள். இத்தனை பெரிய அலுவலகத்தில் ஒரு ஆளாவது தேதியைப் படித்தாரே என்பதில் எனக்கு ஒருவகையில் மகிழ்ச்சிதான். அந்தக் குழியை நான் தோண்டினேன். அவரை நான் அனுப்பினேன். லாரியை நான் வரவழைத்தேன். போதுமா?

ஒரு வரிக் கடிதம் போட்டிருந்தால் போதுமே என்கிறீர்கள். பதினேழாவது கட்டத்தில் ஒன்று என்பதைப் பூஜ்யம் என்று திருத்திப் படிக்கவும், இப்படிக்குச் செயலர். போட்டிருக்கலாம். அவகாசம் இருந்தது, அஞ்சல் தலைகூட இழுப்பறையில் இருந்தது. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் என் மேசையிலிருந்து ஒரு திருத்தம் வெளியே போனதில்லை. ஊர் என்ன நினைக்கும்?