நாலாவது காய்ச்சல்

– ஊசியை எடுங்க டாக்டரம்மா, சீக்கிரம். ரத்தத்தை எடுத்துருங்க, காய்ச்சல் இறங்கிரப் போகுது.

– முதல்ல உட்காரு நஸீஹா. தலையில சோப்பு நுரை அப்படியே இருக்கு. பிள்ளையைத் தூக்கிட்டு எங்கேருந்து ஓடி வர்றே?

– ஹம்மாம்லேருந்து, அந்த வெந்நீர்க் குளியல் கூடத்துலேருந்து. பாதிக் குளியல்ல எழுந்து வந்துட்டேன். நீங்கதானே சொன்னீங்க, சிரினுக்குக் காய்ச்சல் வந்தா எந்த நேரம்னாலும் கொண்டு வா, அப்பவே ரத்தம் எடுத்துப் பார்க்கணும்னு.

– சொன்னேன். காய்ச்சல்னு எப்படித் தெரிஞ்சுது?

– பேசினாளே.

– பேசினாளா?

– இந்த ஆறு வயசுக்கு மூணே தடவை பேசியிருக்கா. மூணு தடவையும் காய்ச்சல். காய்ச்சல் விட்டா பேச்சும் போயிரும். இது நாலாவது. உங்க நோட்டுலயே இருக்கு, பாருங்க.

– இருக்கு, இருக்கு. இன்னிக்கு என்ன சொன்னா?

– அங்கே உடம்பு தேய்ச்சு விடற மஹ்பூபா இவ முதுகைத் தேய்ச்சுட்டிருந்தா. அவ கை தெரியும்ல, தோலை உரிச்சுக் கையில கொடுத்துருவா. எப்பவும் இவ கத்துவா, கடிப்பா. இன்னிக்குத் திரும்பி அவ முகத்தைப் பார்த்து, “மெதுவாத் தேய், வலிக்குது”ன்னா.

– மஹ்பூபா என்ன பண்ணினா?

– தேய்க்கற கையுறையைக் கழட்டி வீசிட்டுக் குலவை போட ஆரம்பிச்சுட்டா. அவளைப் பார்த்து அத்தனை பொம்பளைங்களும். கல்யாண வீடு தோத்துது போங்க. நான்தான், வாயை மூடுங்கடி, பிள்ளைக்குக் காய்ச்சல்னு சத்தம் போட்டு, துண்டுல சுத்தி, டாக்ஸி பிடிச்சேன். தொட்டுப் பாருங்க, எப்படிக் கொதிக்கறான்னு.

– சூடாத்தான் இருக்கு. சிரின் கண்ணு, இந்தத் தெர்மாமீட்டரைக் கக்கத்துல வெச்சுக்கோ. அசையாம.

– அன்னிக்கு ஏதோ சொன்னீங்களே, கிருமியோட சண்டை போட உடம்பு ஆள் அனுப்புதுன்னு.

– எதிர்ப்பு சக்தியைச் சொன்னேன். அந்த ஆளுங்கள்ல யாரோ போற வழியில மூளைக் கதவையும் தட்டிட்டுப் போறாங்களோன்னு ஒரு சந்தேகம். எல்லாப் பிள்ளைக்கும் இல்லம்மா, சில பிள்ளைங்களுக்கு. உறுதியா இன்னும் யாருக்கும் தெரியாது. அதுக்குத்தானே இந்த ரத்தமெல்லாம்.

– அந்த ஆளு யாருன்னு பிடிச்சுக் கொடுங்க. தினம் குஸ்குஸ் ஆக்கிப் போட்டு வீட்டோட வெச்சுக்கறேன்.

– அம்மா. முட்டை.

– கேட்டீங்களா? என்ன முட்டைடி தங்கம்?

– பொரிச்ச பிரிக்குக்குள்ள முட்டை. மஞ்சள் ஒழுகணும். நேத்து ஒழுகல. கெட்டி.

– அடிப்பாவி, அதுக்குத்தான் தட்டைத் தூக்கி எறிஞ்சியா? பிள்ளைக்கு ஏன் இவ்வளவு கோவம்னு நான் நேத்தெல்லாம் அழுதேன் டாக்டரம்மா. பார்த்தா என் சமையல்ல குத்தம்.

– நியாயமான கோவம்தான். அதை இப்படிக் கொடு கண்ணு. ம். இன்னொரு தடவை வெச்சுப் பார்ப்போம்.

– எவ்வளவு காட்டுது? முப்பத்தொம்பது டிகிரியா?

– அதை நான் பார்த்துக்கறேன். நீ அவகிட்டப் பேசிட்டிரு.

– சிரின், அப்பா எங்கே போயிருக்காரு?

– வண்டி ஓட்ட. கபேஸ் ஊருக்கு. எட்டுப் பேர் ஏறணும். ஏழு பேர்னா கிளம்ப மாட்டாரு. ஏழு பேரும் திட்டுவாங்க.

– இதெல்லாம் எங்கேடி வெச்சிருந்தே இத்தனை நாளா?

– அம்மா சிரிக்கறா.

– சிரிக்கறேன்டி. சிரிக்காம என்ன பண்ணுவேன்?

– கையைத் தூக்கு கண்ணு, கடைசியா ஒரு தடவை. சமர்த்து.

– டாக்டரம்மா, ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. போன தடவை காய்ச்சல் மருந்தை அலமாரியில ஒளிச்சு வெச்சேன். அரை நாள். பிள்ளை அனலாக் கொதிக்கறா, நான் பக்கத்துல உட்கார்ந்து அவ பேசறதைக் கேட்டுட்டிருக்கேன். நாத்தனார் வந்து சண்டை போட்டுக் கொடுக்க வெச்சா. எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா?

– ஏங்கிப் போன தாய் செய்வா. இனிமே செய்யாதே. காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருந்தா?

– மாட்டேன். சத்தியமா மாட்டேன். இப்பவும் மருந்து கொடுங்க, வேண்டாம்னு சொல்லல. அஞ்சே நிமிஷம் தள்ளிக் கொடுங்க. இவ அப்பா ஒரு தடவைகூட இவ குரலைக் கேட்டதில்ல. மூணு தடவையும் அந்தப் பாழாப்போன வண்டியில இருந்தாரு. ஃபோன் போட்டு ஒரே ஒரு வார்த்தை அவர் காதுல விழட்டும். அப்புறம் பேச்சு போனாப் போகட்டும்.

– ஃபோன் எதுக்கும்மா? அவர் நிதானமா வண்டி ஓட்டிட்டு வரட்டும், வீட்டுக்கு வந்து நேர்ல கேட்கட்டும். நீ வந்ததுலேருந்து மூணு தடவை பார்த்துட்டேன் நஸீஹா, மூணு தடவையும் முப்பத்தாறரை. உடம்புல இருக்கறது ஹம்மாம் சூடு. பிள்ளைக்குக் காய்ச்சலே இல்ல.