நாலாவது மாடிப் பாட்டு

காதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. கண்ணாடி முன் நின்றால் மூக்கைப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள், காதை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரே ஆளுக்கே வலது காதும் இடது காதும் ஒத்துப்போகாது என்பது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. என் தங்கைக்கு இடது காதுத் துளை கொஞ்சம் குறுகல். உள்ளே போய் மேல்நோக்கித் திரும்பும். அவளுக்கே தெரியாத அந்தத் திருப்பம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

நீங்கள் என்னை மரியாதையாகத்தான் விசாரித்தீர்கள். நான் அழுதபோது தண்ணீர் கொடுத்தீர்கள். கடைசியில் 'கவனக்குறைவு' என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். இன்று யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்திருப்பது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அது சரியில்லை.

என் வேலையை உங்களுக்கு ஏற்கெனவே விளக்கியிருக்கிறேன், ஆனால் அவசரமாக. இப்போது நிதானமாகச் சொல்கிறேன். காது கேட்கும் கருவி போடுகிறவர்களுக்கும், பெரிய சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் அவரவர் காதுக்குள் கச்சிதமாக உட்காரும்படி அடைப்பான் செய்ய வேண்டும். அதற்குக் காதின் அச்சு வேண்டும். முதலில் விளக்குப் பிடித்து உள்ளே பார்ப்போம். பிறகு நூல் கட்டிய சின்னப் பஞ்சு ஒன்றை ஆழத்தில் வைப்போம். அதற்கு மேல் சிரிஞ்சினால் சிலிகான் குழம்பை நிரப்புவோம். கொஞ்ச நேரத்தில் அது ரப்பர் மாதிரி இறுகிவிடும், உருவி எடுத்தால் அச்சு. அந்தப் பஞ்சுதான் எல்லாம். பஞ்சு இல்லையென்றால் குழம்பு நேராகச் செவிப்பறையில் போய் ஒட்டிக்கொள்ளும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அதையும் தாண்டி உள்ளே இறங்கிவிடும்.

எங்கள் தொழிலில் எல்லோரும் பயப்படுகிற மறதி இது. நாற்காலியில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார், கை பழக்கத்தில் ஓடும், வைக்காத பஞ்சை வைத்ததாக மனம் கணக்குப் போட்டுவிடும். அதனால்தான் நான் மறந்துவிட்டேன் என்றதும் எங்கள் தலைமை மருத்துவர்கூட என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

'ஈரச்சுவர்' என்ற இசைக்குழுவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது தெரியாதவர்கள் யார். ஆனால் அவர்கள் டயர் கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் வாசித்த காலத்தில், அங்கே வந்து நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுவரில் நீர் கசியும். சாய்ந்து நின்றால் முதுகு நனைந்துவிடும். நான் சாய்ந்துதான் நிற்பேன். பாடகரின் குரலில் தகரத்தைத் தட்டினது போல ஓர் அதிர்வு இருக்கும். அதனால் நாங்கள் அவரைத் தகரம் என்போம். பாசமாகத்தான். பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அவரை வேறு என்னென்னவோ பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாள்களில் என் கணவர் என்னை விட்டுப் போயிருந்தார். நான் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒற்றை அறையில் இருந்தேன். ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை, நிலவறையில், தகரம் ஒரு புதுப் பாட்டைப் பாடினார். 'நாலாவது மாடியில் நிற்கிறாயா, படியில் இறங்கி வா, தரை காத்திருக்கு.' பாடும்போது என் பக்கம் பார்த்தார். நான் வீட்டுக்குப் போய் ஜன்னலைச் சாத்தினேன். அடுத்த வாரம் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். நான் உயிரோடு இருப்பது அந்தப் பாட்டினால். இது கவிதைக்காகச் சொல்வதல்ல.

நான் அவரிடம் போய்ப் பேசியதில்லை. எங்களுக்குள் அது தேவைப்படவில்லை. அவர் பாடுவார், நான் சுவரோரம் நிற்பேன், இத்தனை வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

என் தங்கை அவர்களின் பாட்டைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பாள். "அக்கா, அந்தத் தகர டப்பாவ கொஞ்சம் நிறுத்தேன், தலைய வலிக்குது" என்பாள். அவளுக்குச் சின்ன வயதில் இரண்டு காதிலும் சீழ் வடியும். அம்மா வேலைக்குப் போய்விடுவாள். தங்கையின் தலையை என் மடியில் சாய்த்து மருந்து விட்டது நான்தான். சீழ் நின்றது, ஆனால் இரண்டு செவிப்பறையிலும் தலா ஒரு சின்ன ஓட்டை தங்கிவிட்டது. கேட்பதில் பெரிய குறை இல்லை. சத்தம் அதிகமானால் வலிக்கும். அதனால் அவளுக்கு நானே அடைப்பான் செய்து கொடுத்திருந்தேன். அப்போது பஞ்சு ஒன்றுக்கு இரண்டாக வைத்தேன்.

போன வருடம் மைதானத்தில் ஒரு பகல் நிகழ்ச்சி. கூட வருவதாக இருந்த தோழிக்குக் காய்ச்சல். சீட்டு வீணாகப் போகிறதே என்று தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். அது என் தப்புதான், மறுக்கவில்லை. மேடைக்கு முன்னால் எல்லோரும் துள்ளிக்கொண்டிருக்க, அவள் மட்டும் காதில் அடைப்பானோடு, அதற்கு மேல் கையாலும் பொத்திக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். நிகழ்ச்சி முடிந்து நான் தண்ணீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் தகரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ கேவலமாவா பாடினோம்?"

"தெரியாதுங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல" என்றாள் இவள்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேடையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இவதான் எங்க அக்கா. உங்க பாட்டுன்னா இவளுக்கு உயிரு" என்று தங்கை என்னை முன்னால் தள்ளினாள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் அவள் பக்கம் திரும்பினார். என் கையில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்கள் இருந்தன. அதில் ஒன்றை அவர் வாங்கிக் குடித்தார்.

பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவர்களுக்குள் என்ன இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. காதடைத்த பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. பட்டிதொட்டியெல்லாம் அதைத்தான் பாடினார்கள். நானும் பாடினேன். வரி தெரியாமல் நின்றால் அசிங்கமாகிவிடும் அல்லவா. வீட்டில் அவர் செருப்பு வாசலில் கிடக்கும், அவர் குரல் சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்கும். நான் ஈரத்தில் முதுகு நனைய நின்று சம்பாதித்ததை இவள் காதைப் பொத்திக்கொண்டு சம்பாதித்துவிட்டாள். வயிற்றெரிச்சல் என்பார்களே, அது உண்மையில் வயிற்றில்தான் இருக்கிறது. கொஞ்ச நாள் மாத்திரைகூடச் சாப்பிட்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது, நாலாவது மாடிப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று அவரிடம் கேட்டேன். தெரிந்த பதிலைத்தான் அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டேன்.

"அதுவா? ஒரு ஃபிளாட்ல வாசிக்கக் கூப்பிட்டிருந்தாங்க. லிஃப்ட் ரிப்பேர். அவ்ளோ பெரிய ஸ்பீக்கர நாலு மாடி தூக்கிட்டு ஏறினோம். எறக்கும்போது டிரம்ஸ்காரன் மேலயே நின்னுகிட்டு வர மாட்டேன்னுட்டான். அவனக் கூப்பிட்டு எழுதினது."

தங்கை புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அது லிஃப்ட் பாட்டு. நான் அவர்மேல் வருத்தப்படவில்லை. எழுதினவருக்கே தெரியாமல் எழுதப்படுகிற பாட்டுகள் உண்டு. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் அதற்குள் பேச்சு மாறிவிட்டது.

குழு சுற்றுப்பயணம் கிளம்பத் தயாரானது. தங்கையும் கூடப் போவதாக முடிவானது. மேடைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பழைய அடைப்பான் தளர்ந்துவிட்டது, புதிதாக ஒன்று செய்து கொடு என்று கேட்டாள். வியாழக்கிழமை வரச் சொன்னேன். வியாழக்கிழமை கூட்டம் இருக்காது. என்னோடு வேலை செய்பவரும் அன்று விடுப்பு.

திட்டம் போட்டேனா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். விளக்குப் பிடித்துப் பார்த்தேன், இரண்டு ஓட்டைகளும் அதே இடத்தில் இருந்தன. பஞ்சை இடுக்கியில் எடுத்தேன். அப்போதுதான் அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"அக்கா, ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத. அந்த லிஃப்ட் பாட்டு இருக்குல்ல? அத எனக்காக மாத்தி எழுதறாரு. பல்லவியும் முதல் சரணமும் முடிஞ்சிடுச்சு. ரெண்டாவது சரணம்தான் வர மாட்டேங்குதாம்."

பிறகு பாடிக் காட்டினாள். சுருதி சேரவே இல்லை. தரை காத்திருக்கு என்ற இடத்தில் இப்போது அவள் பெயர் இருந்தது. தரையை எடுத்துவிட்டார்கள்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"ம். தலைய ஆட்டாம இரு" என்றேன்.

பஞ்சைப் பெட்டியிலேயே திரும்ப வைத்து மூடினேன். வலது காதை நிரப்பினேன், இடது காதை நிரப்பினேன். சிரிஞ்சைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். ஜில்லென்று இருக்கிறது என்று சொன்னாள். பிறகு அவளுக்கு எதுவும் கேட்காது என்பதால் அறையில் அமைதி. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள், நானும் சிரித்தேன்.

ஒட்டிக்கொண்டது என்று தெரிந்தால் தொடக்கூடாது, அப்படியே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதுவும் எங்களுக்கு முதல் பாடம். நான் வலது காதில் இருந்ததைப் பிடித்து இழுத்தேன். அவள் போட்ட கூச்சலையும், அச்சின் நுனியில் இருந்ததையும் நீங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்றுதான். வலது காதில் ஆனதைப் பார்த்த பிறகும் இடது காதில் இருந்ததை ஏன் இழுத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. பதறிப்போய் இழுத்திருப்பாள் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். நான் பதறவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அந்தக் காது மேல்நோக்கித் திரும்பும் என்று சொன்னேன் அல்லவா, அது தெரிந்துதான் நேராக இழுத்தேன்.

அறுவைச் சிகிச்சை நடந்தது, அதற்கு மேல் சீழ் பிடித்தது. இப்போது வலது காதில் ஒன்றும் இல்லை. இடது காதில் பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்தது போலக் கொஞ்சம் கேட்கிறதாம். கருவி வைத்தாலும் பெரிய பலன் இருக்காது என்கிறார்கள்.

மருத்துவமனை வராந்தாவில் தகரம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். "அழாதீங்கக்கா. நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். அந்தக் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டால் அதிர்வு விரல் வரைக்கும் வருகிறது. வெகு நேரம் கையை விடவில்லை. தங்கையும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "மறந்து போறது மனுஷ இயல்புதானேக்கா" என்று சத்தமாகச் சொன்னாள். அவள் இப்போது எதையும் சத்தமாகத்தான் சொல்கிறாள்.

பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். அவர் தினமும் வருகிறார். நான் டீ போட்டுக் கொடுக்கிறேன். அவள் தூங்கும்போது என்னோடுதான் பேசுகிறார். நேற்று முன்தினம் பாட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிக் கித்தாரை எடுத்தார். தங்கையின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பாடினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கை வழியாகவே, சிரித்தபடி முழுப் பாட்டையும் கேட்டாள். நான் அறை வாசலில் சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கிருந்து எனக்கு வெறும் காதில்தான் கேட்டது.

ஆனால் இரண்டாவது சரணத்தில் நான் இருக்கிறேன். 'மறந்த கை, நடுங்கும் கை, அக்காவின் பாவம் அறியாத கை.' ஒரே ஒரு வரிதான். முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் அவளுக்கான பாட்டில் எனக்கு ஒரு வரி. நாலாவது மாடியில் யார் நின்றார்கள் என்பது போகட்டும். இது நான்தான் என்பதில் அவருக்கே சந்தேகம் இல்லை.

அதனால்தான் அது தப்பாக இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். என் கை மறக்கவில்லை. நடுங்கவும் இல்லை. இவ்வளவு வருடம் காத்திருந்து வந்த வரியில் வேறு யாரோ ஒரு ஞாபகமறதிக்காரி நிற்பதை என்னால் தாங்க முடியாது.

நான் சொன்னதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அவரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவு திங்கட்கிழமைதான். அந்த வரியை மாற்ற அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.