கண்கட்டோடு கேட்ட கேள்வி

தச்சநல்லூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

"கண்ணைக் கட்டி, ஒத்தைக்கால் பேண்ட்டை முட்டுவரைக்கும் சுருட்டி விட்டுட்டாவ வே."

"எங்கன?"

"அதான், வெள்ளைக்காரன் காலத்துச் சங்கம். நேத்து என்னையும் சேத்துக்கிட்டாவ. உள்ள நடக்கதை உசுரு போனாலும் வெளிய சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்காவ."

"அப்பம் வாயை மூடிட்டு வாரும்."

"உம்மகிட்ட மட்டும் சொல்லுதேன், பைய."

பைய என்றாரே தவிர, டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஒருத்தர் நாடகத்து ராசா மாதிரி, 'எதைத் தேடி வந்தாய்?'ன்னு கேட்டாரு. 'வெளிச்சம்'னு சொல்லணும். வீட்ல மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். குரலைக் கேட்டா, நம்ம மருந்துக்கடை அண்ணாச்சி. வாய் சும்மா இருக்குமா? 'அண்ணாச்சி, சாப்ட்டாச்சா?'ன்னுட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சுத்தி நின்ன ஆளுவ எல்லாம் இருமுதாவ. அவரு திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டாரு."

இருவரும் சீட்டே ஆடும்படி சிரித்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

அடுத்த நிறுத்தத்தில், அவர்களுக்கு முன் சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். நிதானமாகத் திரும்பி ஜன்னலோரத்துக்காரரைப் பார்த்தார்.

"நேத்து சாப்ட்டுட்டுத்தான் வந்தேன் தம்பி," என்றார். "ரெண்டு தோசை."

இறங்கிப் போனார்.