முன்னால் செல்வது தெரிகிறதா

பங்குனிக் காலைகளில் பசுமலையில் வேப்பிலைகூட அசைவதில்லை. நடைப்பயிற்சிக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. நீங்கள் பதற்றமின்றி எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நான் நிதானமாகவே சொல்கிறேன்.

சோழவந்தானுக்கு அப்பால், வெற்றிலைக் கொடிக்கால்கள் முடியும் இடத்தில் எங்கள் ஓடுதளம் இருக்கிறது. சரக்கேற்றிய பெருவிமானங்களும் பயிற்சிப் பள்ளியின் சிறுவிமானங்களும் அங்கே இறங்கும். கோபுரத்திலிருந்து அவற்றுக்கிடையே இடைவெளி காப்பது என் தொழில். மோதாமல் இருக்க மட்டுமே அந்த இடைவெளி என்று வெளியார் எண்ணுவர். அப்படியன்று. பெருவிமானத்தின் இறக்கை நுனிகளில் பிறக்கும் சுழற்காற்று, அது போன வழியில் கண்ணுக்குப் புலப்படாமல் கிடக்கும். நெருங்கி வரும் சிறுவிமானத்தைக் கவிழ்த்துவிடும். காற்று வீசினால் அந்தச் சுழல் விரைவில் கலையும். காற்று அடங்கிய காலையில் கலையாது.

மெர்வின் அப்பள்ளியின் பயிற்றுநன். என் மகள் ஷெரினுக்கு நிச்சயிக்கப்பட்டவன். மணமக்கள் பெயரை ஆலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிக்கும் திருமண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முன், தனக்கு மனமில்லை என்று ஆயரிடம் சொல்லிவிட்டான். அந்த ஞாயிறு வேறு பெயர்கள் வாசிக்கப்பட்டன. பாடகர் வரிசையில் நின்ற என் முகத்தைச் சபை முழுவதும் பார்த்தது. அன்றைய கீர்த்தனையை ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தேன்.

அதன் பின்னும் அவன் என்னை மாமா என்றே அழைத்தான். தேநீர்க் கடையில் சிரித்தபடி அருகே வந்து, "சாப்டீகளா மாமா? எம்மேல இன்னும் கோவந்தானா?" என்றான். கோபமாம். ஒரு குடியின் மானத்தை ஊர் நடுவே கிடத்திவிட்டு, கோபமா என்று கேட்கிறான். முன்னோர் சினத்தைத் தீயென்றனர். தீ எப்படியும் அணையும். எனது அணையவில்லை. பண் பாடிப் பழகியவனுக்குக் காலம் பார்க்கத் தெரியும். காற்றற்ற காலைக்காகக் காத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. வானம் தெளிந்த பகலில், முன்னால் செல்லும் விமானம் தெரிகிறதா என்று விமானியைக் கேட்கலாம். தெரிகிறது என்று அவன் ஏற்றுக்கொண்டால், இடைவெளி காக்கும் பொறுப்பு அவனுடையதாகிறது. சுழற்காற்றைப் பற்றி எச்சரிப்பது மட்டும் எங்கள் கடமையாக எஞ்சும்.

காற்று அடங்கிய ஒரு பங்குனிக் காலையில் ஒரு பெருவிமானம் இறங்க, பின்னால் மெர்வின் வந்தான். கேட்டேன். வானொலியில் ஆங்கிலமே பேச வேண்டும் என்ற ஒழுங்கை மீறி அவன் சிரித்தான்.

"தெரியுது மாமா. இம்புட்டுப் பெருசு கண்ணுக்குத் தெரியாமப் போகுமா?"

வழக்கமாக அவனைச் சற்றுச் சுற்றிவரச் சொல்வேன். அன்றோ, அவனுக்குப் பின்னால் இன்னொரு விமானம் வருகிறது, நெருங்கித் தொடர்க என்று பணித்தேன். அப்படி எதுவும் வரவில்லை. எச்சரிக்கையையும் சொல்லவில்லை. கொடிக்கால்களுக்கு மேலே சிறுவிமானம் ஒருமுறை புரண்டது. நிமிர்வதற்கு உயரம் போதவில்லை.

அதில் தமிழ்வாணி என்ற மாணவியும் இருந்தாள். திருவாதவூர் உழவர் வீட்டுப் பெண். ஏறுமுன் இறக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைக் கோபுரத்திலிருந்து பார்த்தேன். அதையும் இந்த வாக்குமூலத்தில் மறைக்கவில்லை. ஆனால் காற்று அடங்கிய காலையும், பெருவிமானமும், அவனும் ஒருசேர அமைவது அரிது.

அடக்கம் முடிந்து வந்தபின் ஷெரின் சமையலறை வாசலில் நின்றாள். "நாந்தாம்ப்பா கல்யாணம் வேணாம்னேன். சபையில நீங்க என்னைய ஏசக் கூடாதுன்னு அவருதான் பழியத் தம்மேல போட்டுக்கிட்டாரு," என்றாள். அதற்குப் பின் அவள் என்னோடு பேசவில்லை.

இறந்தவனை நல்லவனாக்கப் பெண்பிள்ளைகள் இப்படிப் பொய் சொல்வதுண்டு ஐயா. நான் அவளை மன்னித்துவிட்டேன்.