இரண்டு முறை கேட்டேன்

மானுக்கு ஆப்பிள் என்றால் உயிர். நீங்கள் பையில் போட்டு எடுத்து வந்திருக்கும் அந்த அழுகல் ஆப்பிள்கள் என்னுடையவைதான், ஹால்வர்சன். மானுக்குத் தீனி போடுவது நம் மாவட்டத்தில் குற்றம் என்று போலீஸ்காரர் நீங்கள் சொன்னால் சரி, அபராதத்தைக் கட்டிவிடுகிறேன். எதற்காகப் போட்டேன் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள். காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

பக்கத்து வீட்டு ஆர்லிஸும் நானும் ஒரே நாளில், ஒரே நர்சரியில், ஒரே ரக ஹைட்ரேஞ்சா பூச்செடி வாங்கினோம். நம் மின்னசோட்டாக் குளிரில் பழைய ரகங்களுக்குப் போன வருடத்துத் தண்டிலிருக்கும் மொட்டெல்லாம் கருகிவிடும், அந்த வருடப் பூ அதோடு போச்சு. இந்தப் புது ரகம் பழைய தண்டிலும் பூக்கும், புதுத் துளிரிலும் பூக்கும். ஜூனில் ஒரு தடவை, ஆகஸ்டில் மறுபடி. ஆர்லிஸ் வீட்டில் அப்படித்தான் பூத்தது, முட்டைக்கோஸ் அளவுக்கு, நீலமாக. என் வீட்டில் இலை வந்தது. நல்ல இலைதான்.

ஆர்லிஸ் வேலியோரம் வந்து நின்று பார்த்தாள். "வித்தியாசமா இருக்கு வெர்னா," என்றாள்.

ஒன்றைக் கண்றாவி என்று சொல்ல வாய் வராதபோது நம் ஊரில் அந்த வார்த்தையைத்தான் சொல்வோம். உங்கள் கல்யாண கேக்கைப் பார்த்து நானே சொல்லியிருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

குளிர்காலம் வந்ததும் அவள் செடியைச் சுற்றி இலைச்சருகைக் குவித்து, மேலே சாக்கு போர்த்தி, பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல் வைப்பாள். நான் சாக்குக்கு அடியில் ஆப்பிள் வைத்தேன். மான்கள் ஆப்பிளோடு மொட்டுத் தண்டுகளையும் மென்றன. ஜூன் பூ மட்டும்தான் போகும், ஆகஸ்டில் எப்படியும் பூத்துவிடும். அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

ஆர்லிஸ் வாணலியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனிக்கட்டியில் ஓடி வந்து மான்களை விரட்டினாள். இந்த வயதில் அப்படி ஓடலாமா என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் ஆப்பிள் வைத்தேன்.

அன்றைக்கு விழுந்தாள். கால், மடங்கக் கூடாத பக்கம் மடங்கிக் கிடந்தது. நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

"ஆர்லிஸ், வந்து கை கொடுக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் வெர்னா, உனக்கு எதுக்குச் சிரமம்? சும்மா கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான். நீ குளிர்ல நிக்காத, உள்ள போ."

உங்களுக்குத் தெரியாததா? நம் ஆட்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான், "சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்று வாங்கிக்கொள்வார்கள். இப்போது காப்பியோடு நான் வைத்த கேக்கை நீங்களும் அப்படித்தான் எடுத்தீர்கள். ஆர்லிஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போ என்று அவளே சொன்ன பிறகு நான் நிற்பது மரியாதையில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன். தபால்காரர் வந்து பார்ப்பதற்குள் அவள் கால்விரல்கள் விறைத்துக் கறுத்துவிட்டன. பிறகு எடுத்துவிட்டார்களாம்.

"வெர்னா கேட்டா, நான்தான் வேண்டாம்னேன்," என்று ஆஸ்பத்திரியில் உங்களிடம் அவளே சொன்னாளாமே. தங்கமான மனசு.

இனி அவளால் தோட்டத்துக்கு வர முடியாது. பனி உருகியதும் அவளிடம் போய், அந்தச் செடியை என் வாசலில் நட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டேன். "வேண்டாம் வெர்னா, அது அங்கயே இருக்கட்டும்," என்று அழுதாள்.

மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். உயிருள்ள ஒன்றை வெளியே அப்படியே விட்டுவிட்டு வர நான் என்ன கல்நெஞ்சுக்காரியா?